பட்டினி கிடக்கும் காவல்காரன்

இறால் உளுவையை வாங்கிவந்து கடல்நீர்த் தொட்டியில் விட்டவர்களில் பலர் அதை மறுபடி கண்ணால் பார்ப்பதே இல்லை. பையிலிருந்து வெளிவந்ததும் பாறை இடுக்கில் பாய்ந்து மறைந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரிடம் கேட்டால், "பயந்து பதுங்கியிருக்கு சார், பழகினா வெளிய வரும்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. பயந்துதான் பதுங்கியிருக்கிறது. ஆனால், அது துணிந்து வெளியே வருவதற்கான எதுவும் அந்தத் தொட்டியில் இல்லை. இரை அதன் வாசலைத் தேடி வருவதில்லை. தலை நீட்டினால் துரத்துவதற்கு வேறு மீன்கள் இருக்கின்றன. ஓடி ஒளிய வளை இல்லை. வளை தோண்டித் தரும் இறாலும் இல்லை. சில வாரங்களில் வயிறு ஒட்டி, ஏதோ ஒரு கல்லின் பின்னால் செத்துப்போகும். நண்டும் புழுவும் மிச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். வளர்த்தவர், ஏதோ நோய் வந்து போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு அடுத்த மீனை வாங்கப் போவார்.

கடல் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இன்னொன்றாகச் சேர்த்துவிடக் கூடிய மீன் இல்லை இது. உளுவையையும் அதன் கூட்டாளி இறாலையும் ஒரே குடும்பமாகக் கருதி, அந்தக் குடும்பத்துக்கென்றே தொட்டி அமைக்க முடிந்தவர்கள் மட்டும் இதை வாங்க வேண்டும். கடைக்காரர்களும் அப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும்.

காரணம் புரிய வேண்டுமானால் அவை கடலில் வாழும் விதம் தெரிய வேண்டும். உளுவைக் குடும்பம் மிகப் பெரியது. நம் கழிமுகங்களிலும் அலையாத்திச் சேற்றிலும்கூட அதன் உறவினர்கள் இருக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள், பவளத்திட்டுகளை ஒட்டிய மணலில், அல்ஃபியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இறால்களோடு ஒரே வளையில் குடியிருக்கின்றன. இந்தக் கூட்டுவாழ்வைப் பற்றி ஜெர்மானியரான லூதர் செங்கடலில் ஆராய்ந்து 1958-இல் எழுதினார். 1967-இல் மாக்னஸ் இன்னும் விரிவாக எழுதினார். 1970-களிலிருந்து இஸ்ரேலைச் சேர்ந்த இலான் கார்ப்ளஸ் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும் பகுதியை இதற்கே செலவிட்டார். இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்ததுதான்.

இறாலுக்குத் தோண்டத் தெரியும். பார்வை மிக மங்கல். உளுவைக்குக் கண் கூர்மை. ஆனால், தோண்டிக் கட்டும் உறுப்பு இல்லை. பகல் முழுவதும் இறால் மணலை அள்ளிவந்து வெளியே கொட்டியபடியே இருக்கும். சரிந்துவரும் மணலோடு அதன் போராட்டம் ஓய்வதே இல்லை. வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை உளுவையின் உடல்மீது வைத்திருக்கும். பார்வையற்றவர் துணைக்கு வருபவரின் தோளில் கை வைத்து நடப்பதுபோல. சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்டால் உளுவை வாலைச் சிலிர்க்கும். அந்த அதிர்வை உணர்ந்த மறுகணம் இறால் உள்ளே போய்விடும். ஆபத்து மிக நெருங்கிவிட்டால் உளுவையே தலைகீழாக வளைக்குள் பாயும். உளுவை வாசலில் இல்லையென்றால் இறால் வெளியே தலைகாட்டாது. காலையில் முதலில் எட்டிப் பார்ப்பதும் உளுவைதான். மாலை இருட்டத் தொடங்கியதும் இரண்டும் உள்ளே போய்விடும். வாசல் பெரும்பாலும் மணலால் மூடிப்போகும். விடிந்ததும் மறுபடி திறக்கும்.

உளுவைக்கு வீடும், இறாலுக்குக் காவலும் கிடைக்கின்றன என்பதோடு கணக்கு முடியவில்லை. வளைக்குள் உளுவை விடும் எச்சமும் இறாலுக்கு உணவாகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். ஆக, உளுவை பட்டினி கிடந்தால் இறாலின் சாப்பாட்டிலும் குறை விழுகிறது. தொட்டி வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இறால்களுக்கு ஒரு கொடுக்கு பெரிது. அதைச் சட்டென்று மூடினால் பாயும் நீரில் குமிழி ஒன்று உருவாகி உடைகிறது. காதில் விழும் வெடிச் சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதில்லை, குமிழி உடைவதால் வருகிறது என்பதை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2000-இல் நிறுவியது. நள்ளிரவில் வரவேற்பறையிலிருந்து 'டப்' என்று சத்தம் கேட்டுத் தொட்டிக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று பதறி எழுபவர்கள் உண்டு. பயம் வேண்டாம், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. கடைகளில் 'பிஸ்டல் ஷ்ரிம்ப்' என்று இதற்குப் பெயர். பாறையோடு தற்செயலாக வந்து சேரும் எல்லா பிஸ்டல் இறாலும் உளுவையோடு குடித்தனம் நடத்தாது. கூட்டுவாழ்வுக்குப் பழகிய இனங்கள் சில மட்டுமே. மீன் வியாபாரத்தில் அதிகம் கிடைப்பவை இரண்டு: சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட அல்ஃபியஸ் ராண்டலி, மஞ்சளும் பழுப்புமாகப் புலிக்கோலம் போட்ட அல்ஃபியஸ் பெல்லுலஸ்.

உளுவைகளிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மஞ்சள் உடலும் நீலப் புள்ளிகளும் கொண்ட கிரிப்டோசென்ட்ரஸ் சின்க்டஸ் முரட்டு ஜாதி. வாசலில் படுத்துக்கொண்டு, வருவதையெல்லாம் வாய் நிறைய விழுங்கும். எதிரி வந்தால் வாயைப் பிளந்து மிரட்டும். பழகியவர் கை மணலருகே போனால் சில சமயம் கடிக்கவும் வரும். புதிதாகத் தொடங்குபவர் இதில் தொடங்குவதே முறை. ஆம்பிளியெலியோட்ரிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை நடுத்தரம். முதுகுத் துடுப்பில் கண் போன்ற பெரிய கரும்புள்ளி கொண்ட ராண்டலி உளுவை, சிவப்புப் பட்டைகள் கொண்ட வீலர் உளுவை ஆகியவை இந்த வகை.

மென்மையானவை என்று நான் சொல்வது ஸ்டோனோகோபியாப்ஸ் பேரினத்தைத்தான். இவை ஒரு விரல் நீளம்கூட வராது. முதுகுத் துடுப்பின் முன்முள் சாட்டைபோல் உயர்ந்து நிற்கும் நெமடோடஸ், மூக்கு மஞ்சளான சாந்தோரைனிகா, மாலத்தீவுக் கடலில் வாழும் டிராகுலா, 2001-இல் பெயரிடப்பட்ட யாஷா என்று வரிசையாக அழகானவை. யாஷாவின் வெள்ளை உடலில் ஓடும் சிவப்புக் கோடுகளும், அதே சிவப்பு வெள்ளையில் பக்கத்திலிருந்து மணல் சுமக்கும் ராண்டலி இறாலும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தவருக்கு வாங்கும் ஆசை வராமல் இருக்காது. எனக்கும் உண்டு. ஆனால், இவை மணலில் படுத்துக்கிடப்பவை இல்லை. வளை வாசலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், நீரோட்டத்தை எதிர்கொண்டு மிதந்து நிற்பவை. ஓட்டத்தில் அடித்துவரும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்பவை. இரையைத் துரத்திக்கொண்டு தொட்டியின் மறுமூலைக்குப் போகாது. வாசலை விட்டு விலகுவதே இவற்றுக்கு உயிர்ப்பயம்.

வேகமாக நீந்தும் பெரிய மீன்களை நம் வீட்டுத் தொட்டியில் அடைத்து வைப்பது எனக்கு ஒருபோதும் சம்மதம் இல்லை. கடலில் கிலோமீட்டர் கணக்கில் சுற்றும் உயிருக்கு நான்கு அடிக் கண்ணாடி சிறைதான். இறால் உளுவையின் நிலை வேறு. தன் வளையைச் சுற்றிய சில அடிகள்தான் கடலிலும் அதன் அன்றாட உலகம். அந்தச் சில அடிகளை நம்மால் உண்மையாகவே அமைத்துத் தர முடியும். தோண்டுவது, காவல் காப்பது, வால் சிலிர்த்து எச்சரிப்பது, மாலையில் வாசல் அடைப்பது என அதன் முழு வாழ்க்கையும் அறுபது, எழுபது லிட்டர் தண்ணீரில் நடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடல் உயிர்ச்சோடி எனக்குத் தெரிந்து இல்லை. இப்படிப் பொருத்தமான மீனே கவனக்குறைவால் இத்தனை எளிதாகச் சாவதுதான் என்னை எழுத வைக்கிறது.

தொட்டியின் உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். மணல் மூன்றிலிருந்து நான்கு அங்குலம் ஆழம் வேண்டும். சர்க்கரைபோல் நைசான மணலை மட்டும் போட்டால் வளைக்கூரை நிற்காது. இறால் நாள் முழுக்கத் தோண்டும், நாள் முழுக்கச் சரியும். நைசான மணலோடு பருமணலும், கட்டைவிரல் நகம் அளவு ஓட்டுத்துண்டுகளும் கல் துண்டுகளும் கலந்திருந்தால் இறால் அவற்றைத் தூக்கிவந்து வாசலிலும் கூரையிலும் பொருத்திக்கொள்ளும். இறால் வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதில் அதற்கு ஒரு திட்டம் இருப்பதுபோலவே தோன்றும்.

பாறைகளை மணல்மேல் அடுக்கக் கூடாது. முதலில் பாறையைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் அசையாமல் நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் நிரப்ப வேண்டும். மணல்மேல் நிற்கும் பாறையின் அடியை இறால் ஒரே வாரத்தில் குடைந்துவிடும். பாறை சரிந்தால் நசுங்குவது உள்ளே இருக்கும் இரண்டும்தான். பவளங்கள் வைப்பவர்கள் அவற்றைப் பாறையில் ஒட்டி உயரமாக வையுங்கள்; மணலில் வைத்தால் இறால் கொட்டும் மணலில் புதைந்துவிடும்.

பாறை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவிலிருந்தோ பாக் நீரிணையிலிருந்தோ பவளக்கல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. தூத்துக்குடிப் பக்கம் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் இருக்கின்றன. மிச்சம் இருப்பதையாவது விட்டுவைப்போம். செயற்கையாக வார்த்த உலர்பாறை சந்தையில் கிடைக்கிறது. பாக்டீரியா குடியேற இரண்டு மாதம் கூடுதலாக ஆகும்; அவ்வளவுதான் இழப்பு. கடற்கரை மணலை அள்ளிவந்து போடுவதும் வேண்டாம். எந்தக் கழிவு அதில் கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

மேலே கண்டிப்பாக வலை மூடி வேண்டும். பயந்த உளுவை அம்புபோல் மேலே பாயும். விளக்கு அணைந்த அந்த நொடியில் துள்ளித் தரையில் விழுந்து, காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடப்பது இந்த மீன்களின் சாவுகளில் மிகச் சாதாரணமான ஒன்று. கண்ணாடி மூடியைவிட நைலான் வலை நல்லது. காற்றும் போகும், வெப்பமும் வெளியேறும்.

வெப்பம் நம் ஊரின் பெரிய எதிரி. இந்தச் சோடிக்கு 25, 26 டிகிரி செல்சியஸ் உகந்தது. சித்திரை வெயிலில் குளிரூட்டாத சென்னை வீட்டின் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும். தொட்டிமேல் மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது கோவை போன்ற வறண்ட காற்றுள்ள ஊரில் ஓரளவு பலன் தரும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் அது போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள், குறைந்தபட்சம் ஏ.சி. நாள் முழுவதும் ஓடும் அறையாவது இல்லாதவர்கள், இந்த மீனைத் தவிர்ப்பது நல்லது. கடுமையாகத் தெரியலாம். ஆனால், சில்லர் இல்லாமல் ஏப்ரல், மே மாதங்களைத் தாண்டிய ஸ்டோனோகோபியாப்ஸ் சோடிகளை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் வீட்டு ஆர்.ஓ. மட்டும் போதாது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் சுவைக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும், சிலவற்றில் கனிமத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். அந்த நீரை அயனி நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாக ஓட்டி, டி.டி.எஸ். (கரைந்துள்ள திடப்பொருள் அளவு) பூஜ்யத்துக்கு வந்த பிறகே கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். அடர்த்தி 1.025, 1.026 என்று நிற்கட்டும். பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம், ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும், உப்புநீரால் அல்ல. சிறிய தொட்டியில் இரண்டு நாள் கவனிக்காவிட்டாலே உப்பு ஏறிவிடும். மீன் அதைக் கொஞ்சம் தாங்கும். சட்டை உரிக்கும் நேரத்தில் இருக்கும் இறால் தாங்காது.

தொட்டி ஓடத் தொடங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் உடனே மீன் விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முரட்டு மீனுக்கு அது சரி. மென்மையான உளுவைக்கு இன்னும் நான்கைந்து மாதம் பொறுங்கள். மணலிலும் பாறையிலும் கோப்பிபாட் என்னும் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். நீங்கள் உணவு போடாத வேளைகளில் உளுவை கொத்துவது அவற்றைத்தான். விளக்கு, ஸ்கிம்மர் போன்றவை பற்றிக் கடைகளில் மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்தச் சோடியைப் பொறுத்தவரை அவை இரண்டாம்பட்சம். வெளிச்சம் மங்கலாக இருந்தால் உளுவை இன்னும் துணிச்சலாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உணவு. பெரும்பாலான சாவுகள் இங்கேதான் நடக்கின்றன. ஏற்றுமதிக்கு முன் பை நீர் கெடாமல் இருக்க மீனைப் பட்டினி போட்டுத்தான் அனுப்புவார்கள். அது அந்த வியாபாரத்தில் எல்லா நாட்டிலும் உள்ள நடைமுறை. பிடித்தவரிடமிருந்து ஏற்றுமதியாளர், அங்கிருந்து இறக்குமதியாளர், அங்கிருந்து நம் ஊர்க் கடை என்று ஒவ்வொரு கைமாறும்போதும் அந்தப் பட்டினி நீள்கிறது. பெரிய மீனிடம் கொழுப்புச் சேமிப்பு இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத மீனிடம் என்ன இருக்கும்? நம் தொட்டிக்கு வரும்போதே அது கடைசிச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. தலைக்குப் பின்னால் முதுகுத்தசை குழிந்து, வயிறு உள்வாங்கியிருந்தால் நிலைமை மோசம் என்று பொருள்.

செதில் உணவு, குருணை உணவு எதுவும் முதலில் எடுபடாது. நீரில் மிதந்து அசையும் இரைதான் அதன் கண்ணுக்கு உணவு. முதல் வாரத்துக்கு உயிருள்ள ஆர்ட்டீமியா வேண்டும். ஆர்ட்டீமியா ஒன்றும் நமக்கு அந்நியமான உயிர் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே இருக்கிறது. முட்டை வாங்கி வீட்டிலேயே பொரிக்கலாம். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆகக் குஞ்சுகளின் சத்து கரைந்துபோகும். வளர்ந்த ஆர்ட்டீமியாவானால் பாசி கொடுத்துச் சத்தேற்றிய பிறகு போடுங்கள். மீன் பழகியதும் உறையவைத்த மைசிஸ், கலானஸ் ஆகிய சிற்றிரைகளைக் கலந்து கொடுக்கத் தொடங்கலாம். நாளடைவில் அதுவே போதுமானதாகிவிடும். நன்னீர் மீன்களுக்குப் போடும் டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம்.

கொடுக்கும் முறையும் முக்கியம். ஓட்டம் உண்டாக்கும் பம்பைச் சற்று அணைத்துவிட்டு, நீண்ட பைப்பெட்டில் உணவை உறிஞ்சி, வளைக்கு ஓர் அடி தள்ளி, ஓட்டத்தின் மேல்பக்கத்தில் மெதுவாக விடுங்கள். உணவு தானாக வாசலைக் கடந்து போக வேண்டும். பைப்பெட்டை நேரே வாசலில் கொண்டுபோனால் உளுவை உள்ளே பாய்ந்துவிடும், அன்றைய வேளை போச்சு. ஒரு வேளை நிறைய என்பதைவிட மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சம் என்பதே இதற்கு ஒத்துவரும். வேலைக்குப் போகிறவர்கள் காலையும் மாலையும் கொடுத்து, விடுமுறை நாளில் மதியமும் கொடுக்கலாம். இறாலுக்கென்று ஒரு துண்டு மைசிஸ் வாசலருகே விழுந்தால் அது தானே இழுத்துப் போகும்.

அக்கம்பக்கத்தார் யார் என்பதும் உணவுப் பிரச்சினைதான். வேகமாகப் பாய்ந்து தின்னும் டாம்சல் மீன்கள் இருக்கும் தொட்டியில் உளுவையின் வாசலுக்கு ஒரு துணுக்குகூட வந்துசேராது. டாட்டிபேக், ஹாக் மீன், பெரிய ராஸ், டிரிகர் எதுவும் கூடாது. இறாலைத் தின்னக்கூடியவை இவற்றில் உண்டு. பவளப்பட்டை இறால் என்று விற்கப்படும் ஸ்டெனோபஸ் பார்வைக்கு அழகு, ஆனால் சிறு மீன்களைப் பிடிக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள். ஃபயர்பிஷ் போன்ற சாதுவான மீன் ஒன்றிரண்டு இருந்தால் நல்லதுதான். பயமில்லாமல் வெளியே நீந்தும் மீனைப் பார்த்தால் உளுவைக்கும் தெம்பு வரும். குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கோமாளி மீன் சோடி ஒன்றைச் சிறிய தொட்டியில் சேர்த்துவிடுகிறோம். அது வளர்ந்து ஒரு மூலையைத் தன்னுடையது என்று முடிவுசெய்த நாளிலிருந்து தகராறுதான். கோமாளிக்கு வேறு தொட்டி வையுங்கள்.

இரண்டையும் சேர்த்து வைப்பது எளிது. தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து இறாலை மெதுவாகப் பழக்குங்கள். பாறையின் அடியில் விரலால் சிறு பள்ளம் ஒன்று செய்து, அந்த வாசலில் இறாலை விடுங்கள். இறால் உள்ளே போனதும் அதே இடத்தில் உளுவையை விடுங்கள். முடிந்தால் ஒரு பி.வி.சி. குழாயை அந்தப் பள்ளத்தின்மேல் நிறுத்தி அதன் வழியாகவே விடலாம். விளக்கை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். தொட்டியின் இரண்டு கோடிகளில் விட்டாலும் தேடிச் சேர்ந்துவிடும் சோடிகள் உண்டு; ஆனால், மெலிந்த மீனுக்கு அந்தத் தேடல் வீண்செலவு.

நோய்க்காலத்தில் கவனமாக இருங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்துதான் கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது. அந்த மருந்து விழுந்த தொட்டியில் இறால் பிழைக்காது. புதிய சோடியை நேரே பெரிய தொட்டியில் விடாமல், மணல் போட்ட ஒரு சிறிய தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். வெற்றுத் தொட்டியில் குழாய் ஒன்றை மட்டும் போட்டு உளுவையைத் தனியே வைப்பதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். முரட்டு மீனுக்கு அது சரிவரும். யாஷாவுக்கு அந்தத் தனிமையும் வெறுமையுமே ஒரு நோய். அறிகுறி தென்பட்டால் மட்டும் மீனைப் பிரித்து மருத்துவம் செய்யுங்கள்.

வியாபாரம் பற்றியும் பேசாமல் முடியாது. கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பான்மை இன்னும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவையே. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய சயனைடு முறையில் பிடிபட்ட மீன் அன்றைக்கு நன்றாகவே நீந்தும். சில வாரங்களில் தின்றபடியே செத்துப்போகும். சுற்றியுள்ள பவளமும் சாகும். வலை வைத்துப் பிடித்த மீன்தானா என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதிகமானால்தான் இறக்குமதியாளர்களும் அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

நிரந்தரத் தீர்வு வளர்ப்புப் பண்ணையில் பொரித்த மீன்தான். கோமாளி மீன்களை மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பொரித்துக் காட்டிவிட்டன. கொளத்தூரில் நன்னீர் அலங்கார மீன்களைப் பரம்பரையாகப் பொரிக்கும் குடும்பங்களின் கைத்திறமைக்கு ஈடு சொல்ல முடியாது. உளுவைக் குஞ்சு கோமாளிக் குஞ்சைவிட மிகச் சிறியது. வழக்கமான ரோட்டிஃபர் உணவுகூடப் பல இனங்களின் வாய்க்குப் பெரிது; கோப்பிபாட்டின் இளம்பருவங்களைத் தொடர்ந்து வளர்த்துத் தர வேண்டும். கடினமான வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. முரட்டு ஜாதியான மஞ்சள் உளுவையில் தொடங்கி, ஆராய்ச்சி நிலையமும் கொளத்தூர் வளர்ப்பாளர்களும் சேர்ந்து இதில் இறங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடலோரப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கும் இது வருமானம் தரக்கூடிய தொழிலாக வளரும்.

அதுவரை கடைக்காரர்கள் இரண்டு காரியம் செய்யலாம். உளுவையையும் இறாலையும் ஒரே மணல் தட்டில் சேர்த்து வைத்து, சோடியாகவே விற்கலாம். வந்திறங்கிய மீனை அன்றே விற்காமல், இரை எடுக்கத் தொடங்கும்வரை தங்களிடமே வைத்திருக்கலாம். அதற்காகும் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். சாகப்போகும் மீனைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் யாருக்கும் லாபம் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உளுவையைப் பார்த்ததும் விலை கேட்காதீர்கள். கொஞ்சம் மைசிஸ் போடச் சொல்லுங்கள். அது வாய் திறந்து கொத்துவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். கொத்தாவிட்டால், எவ்வளவு அழகான மீனாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு, பத்து நாள் கழித்துப் போய் மறுபடி போடச் சொல்லுங்கள்.

கட்டுரையாளர்: கடல் அலங்கார மீன் வளர்ப்பு ஆலோசகர்.